ஆறாத துக்கமும் அமாவாசைக் கருவாடும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த அன்று உங்களிடம் ஓர் உறுதிமொழி வாங்கியிருப்பார்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று நீங்களும் கையைத் தூக்கியிருப்பீர்கள். நானும் தூக்கினேன். கையைத் தூக்குவது சுலபம். அதற்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு துண்டுக் கருவாடு தேவைப்பட்டது.

மலாக்கா கோர்ட்டில் எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் ஒரே அளவு எரிந்து விழக்கூடியவர். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி முழுவதும் ஒரே வாக்கியம்தான்: "நீ குழா லா, தம்பி. தண்ணி உன்னோடது இல்ல." அதற்குமேல் கேட்டால் டீ வாங்கி வரச் சொல்வார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. என்னோடு வேலையில் சேர்ந்த ஒருவர் ரொம்ப நாகரிகமானவர். செங் என்ற ஊரில் நடந்த கோழித் திருட்டு வழக்கு ஒன்றில் கோழியைப் பறிகொடுத்த கிழவி, திருடனைப் பார்த்து, "உன் குடி விளங்குமாடா?" என்று கூண்டிலிருந்து கத்தினாள். நம் நண்பர் மாஜிஸ்திரேட்டிடம், "இவர் குடும்பம் நலமா என்று விசாரிக்கிறார்" என்று சொல்லிவிட்டார். மாஜிஸ்திரேட்டுக்குப் பெரிய மகிழ்ச்சி. இவ்வளவு பெருந்தன்மையான பெண்ணுக்குப் பதில் சொல் என்று திருடனுக்கு உத்தரவிட்டார். அந்த நண்பர் பிறகு இன்சூரன்ஸ் விற்கப் போனார். நன்றாக விற்றார் என்று கேள்வி.

இப்போது கருவாட்டுக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு அறிவித்த அவசரகாலத்தை நீங்கள் பள்ளிக்கூடத்தில் நாலு வரியில் படித்திருப்பீர்கள். அந்த நாலு வரிக்குள்தான் எஸ்டேட்டுக்காரர்களின் சோறு மாட்டிக்கொண்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எஸ்டேட்டிலிருந்து அரிசி போகிறது என்று சர்க்கார் முடிவு கட்டியது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. வாசலில் உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். கடைசியில் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளவே கூடாது என்றார்கள். பொது அடுப்பில் சமைத்த சோற்றை ஆளுக்கு இவ்வளவு என்று மங்குத் தட்டில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சமைத்த சோறு சீக்கிரம் ஊசிப்போகும், காடு வரைக்கும் போய்ச் சேராது என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருந்தார். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனால்கூட குற்றம்தான்.

அந்தச் சமயத்தில் ரெம்பியாவுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், அமாவாசைக்கு மறுநாள் காலை ரோந்து போன போலீஸ்காரர்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். முள்வேலிக்கு அடியில் கையை நீட்டி வைத்ததுபோல், வெளிப்பக்கமாக, வாழை இலைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவுக்குச் சோறும் ஒரு துண்டுக் கருவாடும் இருந்தன. ஓர் இலையில் சுருட்டும் தீப்பெட்டியும்கூட இருந்தன.

லயத்துப் பெண்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. நல்ல காரியம்தானே என்ற நினைப்பில், "வாத்தியாரு கதையில சொன்னாருங்க" என்றார்கள். அடுத்த பத்தாவது நிமிடம் எஸ்டேட் பள்ளிக்கூடத்துச் சுப்பையா வாத்தியாரின் கையில் விலங்கு ஏறியது.

போலீஸின் மொழிபெயர்ப்பாளருக்கு அன்று காய்ச்சல். கோர்ட்டிலிருந்து ஓர் ஆளை இரவல் கேட்டார்கள். சீனியர் என்னைக் கைகாட்டிவிட்டு டீயை ஆற்றினார்.

எஸ்டேட் ஆபீஸில் விசாரணை. மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. அவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. மரியாதையான மனிதர். இந்தத் தொழிலில் மரியாதையான மனிதர்களிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் டிடெக்டிவ், இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேச வராது. மூலையில் பெஞ்சில் வாத்தியார். வெளியே வராந்தாவில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரின் மனைவியும் கைக்குழந்தையோடு அவர்களோடு இருந்தாள். மற்ற இரண்டு பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாலிப வயதில் வந்தவர். இங்கே பிறக்காதவர் மேல் இப்படி ஒரு குற்றம் விழுந்தால் தடுப்புக் காவலில் போட்டு, பிறகு கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவியோ இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். அவளுக்கு நாகப்பட்டினம் வடக்கா தெற்கா என்றுகூடத் தெரியாது. அன்று மாலைக்குள் தீர்மானமாக வேண்டியது அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து.

டிடெக்டிவ் முதலில் எழுந்தார். மனிதர் விஷயம் தெரிந்தவர், அதுதான் ஆபத்தாக இருந்தது.

"அமாவாசைக்கு எவன் சார் கருவாடு வைப்பான்? எங்கம்மா அன்னிக்கு வெங்காயங்கூடத் தொட மாட்டாங்க. காக்காய்க்கு வைக்கிறதுன்னா ஒரு உருண்டை வைப்பாங்க, அதுவும் கூரை மேல. இங்க பாருங்க, ஒரு ஆளு சாப்பாடு. அதுவும் காட்டுலேருந்து வர்றவன் கைக்கு எட்டுற மாதிரி. இது செத்தவங்களுக்கு வச்சது இல்ல சார். திங்கிறவனுக்கு வச்சது."

இதை நான் இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போதே, ஐயோ இந்த மனிதன் சொல்வது சரியாக இருக்கிறதே என்று பட்டது.

பிறகு வாத்தியாரின் முறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பள்ளிக்கூடக் கொட்டகையில் அவர் லயத்துக்காரர்களுக்குக் கதை படித்துக் காட்டுவது வழக்கம். அவசரகாலம் வந்ததும் எதைப் படிப்பது என்று பயம் பிடித்துவிட்டது. புரட்சி வரும் கதை வேண்டாம், ஏழை பணக்காரன் கதை வேண்டாம், ராமாயணத்தில்கூட வனவாசம் வருகிறது என்று தள்ளி வைத்துவிட்டார். மலாக்கா டவுனில் பழைய புத்தகம் விற்பவரிடம் இங்கிலீஷ் கதைத் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அதில் பேர்போன பழைய சிறுகதை ஒன்று. ஒரு யூதக் குடும்பத்தைப் பற்றியது, பைபிள் சங்கதிகள் நிறைந்தது.

"வெள்ளைக்காரங்க வேதத்துலேருந்து வர்ற கதை சார். இதவிடப் பத்திரமானது எது இருக்க முடியும்னு நெனச்சேன்" என்றார் வாத்தியார், விலங்கிட்ட கைகளைக் கூப்பியபடி.

அதையும் சொன்னேன். அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்தக் கதையைச் சொல்லுங்கள், கேட்போம் என்றார்.

வாத்தியார் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். யாரோ இங்கிலீஷில் எழுதி, வாத்தியார் தமிழாக்கி, நான் மறுபடி இங்கிலீஷாக்கி, அந்தக் கதை அன்று ஊர் சுற்றி வீடு திரும்பியது.

பனி கொட்டும் ஓர் ஊரில் ஒரு வயதான யூதத் தையற்காரர். எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர்கள் விடுதலையான இரவை யூதர்கள் வருடாவருடம் பண்டிகையாகக் கொண்டாடுவார்கள். பஸ்கா என்று பெயர். அன்று மேஜையில் ஒரு கோப்பை அதிகமாக வைத்து நிரப்புவார்கள். அது எலியா தீர்க்கதரிசிக்கு. வாசல் கதவையும் அவருக்காகத் திறந்து வைப்பார்கள். அவர் வருவதில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் கோப்பை நிரம்பும், கதவு திறக்கும்.

தையற்காரரின் ஒரே மகனை ராஜாவின் பட்டாளத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்ப் பல காலம் ஆகிவிட்டது. சேதி இல்லை. மருமகள் வீட்டில் இருக்கிறாள், சுமங்கலியா விதவையா என்று தெரியாமல். இறந்தவருக்காகத் தாழ்வான இருக்கையில் ஏழு நாள் உட்கார்ந்து துக்கம் காப்பது அவர்கள் வழக்கம். உட்கார்ந்து அழுது தீர்த்துவிடு என்று ஊரார் சொல்கிறார்கள். கிழவர் மறுக்கிறார். நம் பிதாவான யாக்கோபை நினைத்துப் பாருங்கள் என்கிறார். மகன் யோசேப்பு செத்துவிட்டான் என்று அவன் அங்கியை ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டியபோது, எத்தனை பேர் தேற்றியும் அவர் ஆறுதல் அடையவில்லை. ஏன்? நம் பெரியவர்கள் அதற்கு விளக்கம் சொல்லி வைத்திருக்கிறார்கள். செத்தவர்களை மனது மெல்ல மெல்ல மறக்கட்டும் என்பது கடவுள் கொடுத்த வரம். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த வரம் கிடையாது. யோசேப்பு உயிரோடு இருந்தான், அதனால்தான் யாக்கோபுக்கு ஆறவில்லை. எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆகவே என் மகன் இருக்கிறான்.

அந்த வருடப் பண்டிகை இரவில் கிழவர் கதவைத் திறக்கிறார். ராஜாவுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒளிந்திருந்த எலியாவுக்குக் காகங்கள் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்த கதையை மருமகளுக்குச் சொல்கிறார். தீர்க்கதரிசியின் கோப்பைக்குப் பக்கத்தில் மகனின் தட்டையும் வைக்கிறார். பனி வீட்டுக்குள் வந்து விழுகிறது. யாரும் வரவில்லை. கதவைச் சாத்தாமலே கதை முடிந்துவிடுகிறது.

"நல்ல கதை" என்றார் அதிகாரி. "காகங்கள் சோறு கொடுத்தது உண்மையிலேயே பைபிளில் இருக்கிறதா?"

இருக்கிறது என்று வாத்தியார் சத்தியம் செய்தார். மானேஜர் பங்களாவிலிருந்து பைபிள் வந்தது. அதிகாரி புரட்டிப் பார்த்தார். காகங்கள் இருந்தன. வாத்தியாரின் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

"இருக்கிறது. ராஜாவின் ஆட்களுக்குத் தப்பி ஒருவன் காட்டில் ஒளிந்திருக்கிறான். அவனுக்கு ரகசியமாகச் சாப்பாடு போகிறது. அனுப்புபவர் கடவுள்" என்றார் அதிகாரி. "இதை நீங்கள் இங்கே, இந்த வேலிக்குள், இந்த வருடத்தில், சத்தம்போட்டுப் படித்திருக்கிறீர்கள்."

வாத்தியாரின் முகத்தில் ஓடிய ரத்தம் வந்த வழியே திரும்பிப் போனது. தம்பி தங்கைகளே, விசாரணையில் நிற்பவர் தன் அப்பாவித்தனத்துக்குச் சாட்சியாகப் புனித நூலைக் கொண்டுவரச் சொன்னால், அந்த நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதிகாரி விடவில்லை. யாக்கோபு பகுதியையும் தேடி எடுத்தார். ஆறுதல் அடையவில்லை என்பது இருந்தது. ஆனால், யோசேப்பு உயிரோடு இருந்ததால்தான் ஆறவில்லை என்ற விளக்கம் இல்லை. அது உங்கள் சரக்கா என்று வாத்தியாரைக் கேட்டார். இல்லை சார், அது வேதத்தில் இல்லை, அவர்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது, கதை எழுதியவர் அதை எடுத்து வைத்திருக்கிறார் என்று வாத்தியார் திக்கித் திணறிச் சொன்னார். தொகுப்பைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதில் இருந்தது. வாத்தியார் எதையும் கூட்டவில்லை. அவரும் என்னைப்போல் ஒரு குழாய்தான். ஆனால் தண்ணீர் எங்கே போய்ப் பாய்ந்தது என்பதுதான் இப்போது கேள்வி.

அதற்குத்தான் அஞ்சலையை உள்ளே கூப்பிட்டார்கள். முதல் இலையைப் போட்டது அவள்தான். சுருட்டும் அவளுடைய இலையில்தான் இருந்தது. நாற்பதை நெருங்கிய, ரப்பர்ப் பால்மரம் சீவும் தொழிலாளி. நெற்றி நிறையக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு.

"அக்கா, அந்தச் சோறு யாருக்கு வச்சீங்கன்னு தொரை கேக்குறாரு."

"எங்க வூட்டுக்காரருக்குத்தான், தம்பி."

"அவரு எங்க இருக்காரு?"

"எங்க இருக்காருன்னு தெரிஞ்சா நானே கொண்டுபோய்க் குடுத்துருக்க மாட்டேனா? எந்தப் பக்கமா வருவாரோ தெரியாது. காட்டு வழியாத்தான் வரணும். பசியோட வருவாரு. வேலி போட்டுட்டீங்க, உள்ள எப்படி வருவாரு? அதான் வெளிய வச்சேன்."

நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இந்த வாக்கியங்களை அப்படியே இங்கிலீஷில் சொன்னால், சுப்பையா வாத்தியார் மட்டுமா, இவளும் போய்விடுவாள். வாத்தியார் என்னையே பார்த்தார். சொல்லாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. "இறந்த கணவருக்குப் படையல்" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. ஆனால் எதிரில் தமிழ் தெரிந்த டிடெக்டிவ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சொல்லை விழுங்கினால் அவர் அதை எடுத்து மேஜை மேல் வைப்பார். அதன் பிறகு அந்த அறையில் உண்மைக்குக்கூட மதிப்பு இருக்காது.

நான் முழுவதையும் சொன்னேன். காட்டு வழியாக என்பதையும், பசியோடு என்பதையும்.

அதிகாரியின் பேனா நின்றது. "அவன் எப்போது காட்டுக்குள் போனான்?"

கேட்டேன். அஞ்சலை என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"காட்டுக்கு எதுக்குப் போறாரு? ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில்பாதை போடப் புடிச்சுக்கிட்டுப் போனாங்களே, அதுல போனாரு. வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போன மனுசன அப்படியே லாரியில ஏத்திட்டாங்க. காலையில கஞ்சிகூடக் குடிக்கல."

வாத்தியாரின் மனைவியைத் தவிர, வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அதே லாரியால் இப்படி ஆனவர்கள். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். பெரும்பாலோர் வரவில்லை. பிணம் இல்லை, தேதி இல்லை, பார்த்தேன் என்று சொல்ல ஆள் இல்லை. செத்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் திதி. அதனால் இந்தப் பெண்கள் அமாவாசைதோறும் ஓர் உருண்டை சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டு வந்தார்கள். அந்த எஸ்டேட்டில் காக்கையே கிடையாது. மைனாதான் வரும். மைனாவையே காக்கையாக வைத்துக்கொண்டு காலம் போனது.

அப்போதுதான் வாத்தியார் யூதர் கதையைப் படித்தார். கொட்டகையில் இருந்த பெண்கள் பனியையும் பஸ்காவையும் அங்கேயே விட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். செத்திருந்தால் மனது ஆறியிருக்கும். நமக்கு இத்தனை வருடம் ஆகியும் ஆறவில்லையே. அப்படியென்றால்? உயிரோடு இருக்கும் மனுசனுக்கா இத்தனை நாளாய் உருண்டைச் சோறு வைத்து, காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று பதறிப்போனார்கள். அடுத்த அமாவாசைக்கு அந்தப் பாவத்தைக் கழுவினார்கள். உருண்டை போய் முழுச் சாப்பாடு வந்தது. உயிரோடு இருப்பவருக்கு அமாவாசை விரதம் என்ன கேடு? கருவாடு வைத்தார்கள். தங்கள் பங்குச் சோற்றை அப்படியே இலையில் கொட்டிவிட்டு அன்று பட்டினி கிடந்தார்கள்.

ஆக, டிடெக்டிவ் சொன்னது முழுக்கச் சரி. அது செத்தவர்களுக்கு வைத்தது இல்லை, தின்கிறவர்களுக்கு வைத்ததுதான். இதையெல்லாம் அஞ்சலை சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் கொட்டினேன். என் குரல் ஓரிடத்தில் உடைந்தது. அதற்கு உறுதிமொழியில் தடை எதுவும் இல்லை.

அதிகாரி வெகுநேரம் சிகரெட் பிடித்தார். அவருக்கும் வாத்தியாரைக் கப்பல் ஏற்ற ஆசை இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் உண்டு, அவர்களுக்கு ஒரு முடிவு எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் சொன்னார்:

"செத்தவர்களுக்குச் சோறு வைப்பது மதம். அதில் நான் தலையிட மாட்டேன். உயிரோடு இருப்பவனுக்கு வேலிக்கு வெளியே சோறு வைப்பது குற்றம், அதைத் தூண்டிய ஆசிரியர் கப்பலில் போவார். இந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று வாக்குமூலம் கொடுக்கட்டும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், ஆசிரியர் உட்பட. ஒருத்தி மறுத்தாலும் நான் எதுவும் செய்ய முடியாது."

நியாயமான மனிதர். சயாம் ரயில்பாதையால் கொல்ல முடியாதவர்களை ஒரு மத்தியானத்தில் தீர்த்துவிட நியாயமான ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "செத்துட்டாருங்க" என்று ஒருத்தி தரையைப் பார்த்துச் சொன்னாள். இன்னொருத்தி, "அந்தாளு எப்பவோ போய்ச் சேந்துருப்பாரு, இந்தக் கதைய கேட்டுத்தான் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று வாத்தியாரை முறைத்துவிட்டுப் போனாள். ஒரு சின்ன உருவம், சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டது. "ஹி இஸ் டெட்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாக்கு கசந்தது.

கடைசியாக மறுபடி அஞ்சலை. ஏற்கெனவே வேறு மாதிரி சொல்லியிருந்ததால், அவள் சொல்தான் முக்கியம்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு உயிரோட இருக்காரா, இறந்துட்டாரான்னு தொரை கேக்குறாரு."

"செத்துட்டாருன்னு சொன்னா வாத்தியார விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்க."

"சொல்லலேன்னா?"

அதை அதிகாரியிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அவளிடம் சொன்னேன். "கப்பல்தான், அக்கா."

பெஞ்சில் இருந்த வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதே சமயம் வெளியே அவர் குழந்தை அழுதது. வாய் மூடிக்கொண்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அஞ்சலை ஜன்னல் பக்கம் பார்த்தாள். வராந்தாவில் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரியில் போனவர்களின் மனைவிகளில் பொட்டும் கயிறுமாக இத்தனை வருடம் இருந்தவள் இவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் ஊர்வாய்க்குப் பயந்து எப்போதோ அழித்திருந்தார்கள்.

"தம்பி, இத்தன பேரு காதுல விழ அத நான் வாயால சொல்லிட்டேன்னா, நாளைக்குக் காலையில பெரட்டுல எல்லாரும் என் நெத்தியத்தான் பாப்பாங்க. நீங்களே தொரைகிட்ட சொல்லிடுங்களேன்."

அதையும் மொழிபெயர்த்தேன்.

"மன்னிக்க வேண்டும். எனக்கு அவளுடைய சொல் வேண்டும், உங்களுடையது அல்ல" என்றார் அதிகாரி.

அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மத்தவங்க சொன்னத நீங்க தொரைகிட்ட இங்கிலீசுல எப்படிச் சொன்னீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுக்கலாமா என்று அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். தலையசைத்தார். மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் உதட்டை மட்டும் அசைத்து ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு நேரே அதிகாரியின் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"ஹி இஸ் டெட்."

என் பணிக்காலத்தில் எனக்கு வேலையே இல்லாமல் போன ஒரே வாக்கியம் அது. அதிகாரி எழுதினார்.

ஆனால் அதோடு முடியவில்லை. உங்களுக்குத் தெரியும், வாக்குமூலம் வாங்கியதும் அதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். தாளை என்னிடம் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எல்லாக் காதுகளும் காத்திருந்தன. சயாம், லாரி, குடிக்காத கஞ்சி எல்லாவற்றையும் தமிழில் உரக்க வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தேன். அதை மட்டும் எழுதியிருந்தபடி இங்கிலீஷிலேயே வாசித்தேன்.

டிடெக்டிவ் தொண்டையைச் செருமினார். "கடைசி வரிய தமிழ்ல சொல்லலியே சார்?"

"அவங்க அத தமிழ்ல சொல்லலியே சார். சொன்ன மொழியிலயே வாசிச்சுட்டேன். கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல."

அதிகாரி என்ன தகராறு என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னையும் பார்த்தார், அவள் நெற்றியையும் பார்த்தார். "முறைப்படி சரிதான்" என்று மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

இதை ஊருக்குத் திரும்பி சீனியரிடம் சொன்னபோது அவர் பாராட்டவில்லை. "குழா அடைச்சுக்கிச்சுன்னு சொல்லு லா" என்றார். இருக்கலாம். விதியை மீறாமல், விதிக்குள்ளேயே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல முடியும். சில நாட்களில் இருக்கும். பெரும்பாலான நாட்களில் இருக்காது.

சுப்பையா வாத்தியாரின் விலங்கைக் கழற்றினார்கள். அவர் மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கொட்டகையில் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும்தான் நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

அஞ்சலை ஆபீஸ் படியிறங்கியதும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னடி சொன்ன கடைசியா? எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலியே."

அவள் கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்தாள். குங்குமத்தில் மை பட்டுவிடாமல் புறங்கையால் நெற்றி வேர்வையை ஒற்றினாள்.

"அது தொரைக்குத்தான். அவருக்கு வேணும்னாரு, அவரு பாசையில குடுத்துட்டேன். நமக்கு ஒண்ணும் இல்ல. வாங்கடி, சோத்துக்கு மணியடிச்சுருவாங்க."